வையிலட்பு முதல் காமியை வரை: ஒரு மேற்றிசைப் பயணமும் திருப்பணி வரலாறும்

திருச்சபையின் வரலாற்றை ஏடுகளில் கற்பது ஒன்று; அது நிகழ்ந்த மண்ணில் நின்று கற்பது மற்றொன்று. அண்மையில் அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில், வாஷிங்டன் மாநிலத்து வல்லா வல்லா நகரிலிருந்து புறப்பட்டு, ஐடஹோ மாநிலத்தின் மலைநாட்டைக் கடந்து மான்டானா எல்லைவரை காரில் செல்லும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. 12ஆம் எண் நெடுஞ்சாலை வழியே நாங்கள் சென்றோம். கோதுமை விளையும் குன்றுகள், ஆழ்ந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகள், ஆளரவமற்ற காடுகள் ஆகியவற்றினூடே அச்சாலை செல்கிறது. இயற்கைக் காட்சிகளை நாடி அங்கே செல்வோர் பலர். நாங்களோ, 1836ஆம் ஆண்டு அந்நாட்டிற்குச் சென்ற சில மிஷனெரிகளின் சுவடுகளைத் தேடிச் சென்றோம். தேடியது ஒன்று, கண்டது வேறொன்று. கண்டதையும், அதனால் எங்கள் உள்ளத்தில் எழுந்த வினாக்களையும் வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஒரே சங்கம், இரண்டு நாடுகள்

தொலைவிலுள்ள அந்நாட்டின் வரலாறு தமிழ்த் திருச்சபைக்கு எவ்வகையில் உரியது என்று வாசகர் கேட்கலாம். பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க அயல்நாட்டு மிஷன் சங்கத்தை நாம் நன்கு அறிவோம். 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கியதும், 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவியதும், 1834இல் மதுரையில் கால்வைத்ததும் அச்சங்கமே. பசுமலைக் கல்வி நிலையங்களும் 1862இல் வெளிவந்த வின்சிலோவின் தமிழ்–ஆங்கில அகராதியும் அச்சங்கத்தார் வழியே நமக்குக் கிடைத்தவை. மதுரையில் அமெரிக்கன் மிஷன் தோன்றி ஈராண்டுகளுக்குள், அதே சங்கம், அதே பாஸ்டன் அலுவலகத்திலிருந்து, ராக்கி மலைகளுக்கு அப்பாலிருந்த ஓரகன் நாட்டிற்கு மருத்துவர் மார்க்கஸ் விட்மனையும் அவர் மனைவி நார்சிஸாவையும், ஹென்றி ஸ்பால்டிங் ஐயரையும் அவர் மனைவி எலைசாவையும் அனுப்பிற்று. ஆகவே மதுரை மிஷனும் ஓரகன் மிஷனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரு பிள்ளையின் வரலாறு நமக்கு மனப்பாடம். மற்றதன் வரலாற்றை நம்மில் பெரும்பாலோர் கேட்டதில்லை.

அம்மிஷன் தோன்றிய விதமே சிந்திக்கத்தக்கது. 1831இல் நெஸ் பெர்ஸ் என்று வெள்ளையரால் அழைக்கப்பட்ட பழங்குடியினர் நால்வர் நெடுந்தொலைவு கடந்து செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்தனர். வந்தவருள் இருவர் அந்நகரிலேயே நோயுற்று இறந்தனர். இச்செய்தியைக் கேள்வியுற்ற ஒருவர் எழுதிய கடிதம் 1833இல் மெதடிஸ்டு சபையாரின் ஏடொன்றில் வெளியாயிற்று. மெய்யான கடவுளை வணங்கும் வழியைக் கூறும் நூலைத் தேடியே அவர்கள் வந்தனர் என்று அக்கடிதம் அறிவித்தது. அது நாடெங்கும் திருப்பணி ஆர்வத்தைக் கிளறிவிட்டது. மெதடிஸ்டு மிஷனெரிகள் 1834இலேயே புறப்பட்டனர். ஆனால் அக்கடிதத்தோடு வெளியான படத்தில், தலையைத் தட்டையாக்கிக் கொள்ளும் வழக்கமுடையவராக அம்மக்கள் காட்டப்பட்டிருந்தனர். நெஸ் பெர்ஸ் மக்களிடம் அவ்வழக்கம் இருந்ததில்லை. அழைத்தவரின் முகத்தைச் சரியாகக் காணாமலே அழைப்புக்குச் செவிசாய்த்தது திருச்சபை. அம்மக்கள் தங்களைத் தங்கள் மொழியில் 'நிமீபூ' என்று அழைத்துக் கொள்கின்றனர். வெள்ளையரிடமிருந்த ஆற்றலின் இரகசியத்தை அறிய அவர்கள் விரும்பியிருக்கலாம். ஆவிக்குரிய தேட்டமும் அதனோடு கலந்திருக்கலாம். ஆனால் தங்கள் நிலத்தை வேறொருவர் கையில் ஒப்படைக்க அவர்கள் வரவில்லை என்பது உறுதி.

2. வையிலட்பு

வல்லா வல்லா நகருக்கு மேற்கே 7 மைல் தொலைவில் உள்ளது வையிலட்பு. உயர்ந்த காட்டுப்புல் வளரும் இடத்தார் என்பது கயூஸ் மொழியில் அப்பெயரின் பொருள். விட்மன் தம்பதியர் 1836இல் இங்கே குடியேறினர். இன்று அவ்விடம் தேசிய வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. கட்டடங்கள் எவையும் எஞ்சவில்லை. வீடும் ஆலையும் கொல்லுலையும் இருந்த இடங்கள் புல்தரையில் எல்லைக் கோடுகளாகக் குறிக்கப்பட்டுள்ளன. அருகே குடியேறிகளின் மாட்டு வண்டிகள் சென்ற தடம் காட்டப்படுகிறது. சிறு குன்றின்மேல், 1897இல் ஐம்பதாம் ஆண்டு நினைவாக எழுப்பப்பட்ட தூண் நிற்கிறது. குன்றின் அடியில் ஒரு பெருங்கல்லறை; பளிங்குப் பலகையில் இறந்தோர் பெயர்கள்.

நாங்கள் சென்ற காலையில் அங்கே வேறு எவரும் இல்லை. முதலில் எங்கள் கருத்தைக் கவர்ந்தது ஒரு குழந்தையின் கதை. விட்மன் தம்பதியரின் ஒரே மகள் ஆலிஸ் கிளாரிஸா 1837 மார்ச்சு மாதம் அங்கே பிறந்தாள். கயூஸ் மக்கள் அவளைத் தங்கள் நாட்டில் பிறந்தவள் என்று கொண்டாடினர். அவளும் அவர்களுடைய மொழியைக் கேட்டு வளர்ந்தாள். 1839 ஜூன் மாதம், இரண்டு வயது நிரம்பிய சில மாதங்களில், வீட்டருகே ஓடிய ஆற்றில் தவறி விழுந்து இறந்தாள். அதன்பின் நார்சிஸாவுக்கும் கயூஸ் மக்களுக்கும் இடையே இருந்த நெருக்கம் குறைந்து கொண்டே வந்தது. வீட்டின் அறைகளுக்குள் அம்மக்கள் விரும்பியபோது வருவதை அவர் விரும்பவில்லை. அவர்களோ தங்கள் நிலத்தில் எழுந்த வீட்டினுள் நுழையத் தடை என்ன என்று வியந்தனர். நிலத்திற்கும் விறகிற்கும் ஈடு கேட்ட தலைவர்களுக்கு விட்மன் எதுவும் கொடுக்க மறுத்தார். இத்தகைய சிறு உரசல்கள் பத்தாண்டுகளில் பெரும் பிளவாக வளர்ந்தன.

கயூஸ் மக்களிடையே பதினோர் ஆண்டு உழைத்தும் சபையில் சேர்ந்தோர் மிகச் சிலரே. மிஷனெரிகளுக்குள்ளேயே பூசல்கள் மலிந்தன. அவர்கள் ஒருவரையொருவர் குறைகூறி எழுதிய கடிதங்கள் பாஸ்டனைச் சென்றடைந்தன. 1842இல் சங்கம் வையிலட்பு, லாப்வாய் ஆகிய நிலையங்களை மூடவும் ஸ்பால்டிங்கைத் திரும்ப அழைக்கவும் ஆணையிட்டது. அவ்வாணையை மாற்றும் பொருட்டு விட்மன் அக்டோபர் மாதம் புறப்பட்டு, கடும் பனியில் குதிரைமேல் கண்டத்தைக் கடந்து 1843 வசந்தத்தில் பாஸ்டனை அடைந்தார். ஆணை மாற்றப்பட்டது. திரும்பும் வழியில், ஓரகனை நோக்கிச் சென்ற ஏறத்தாழ ஆயிரம் குடியேறிகளுக்கு அவர் வழிகாட்டியாகவும் மருத்துவராகவும் உடன் சென்றார். அவ்வாண்டு முதல் வையிலட்பு வண்டிக் கூட்டங்கள் தங்கிச் செல்லும் சாவடியாயிற்று. குடியேறிகளுக்கு உணவும் மருந்தும் அங்கே கிடைத்தன. வழியில் பெற்றோரை இழந்த சேகர் குடும்பத்துப் பிள்ளைகள் எழுவரை 1844இல் விட்மன் தம்பதியர் தங்கள் பிள்ளைகளாக ஏற்றனர். அது மெய்யான அன்பின் செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதே ஆண்டு விட்மன் தம் மனைவியின் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், இந்நாடு அமெரிக்கரால் குடியேற்றப்படுவதே முதன்மையானது என்றும், அத்தனை பெரிய கூட்டத்தைக் கொண்டு சேர்க்கத் தாம் கருவியாயிருந்தது மகிழ்ச்சி அளிக்கிறது என்றும் எழுதினார். கயூஸ் மக்களுக்காக அனுப்பப்பட்டவர் குடியேறிகளின் ஊழியராக மாறிவிட்டதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

3. அம்மையும் மருத்துவரும்

1847ஆம் ஆண்டு வந்த குடியேறிகள் நாலாயிரத்திற்கும் மேற்பட்டவர். அதே பருவத்தில் மணல்வாரி அம்மை பரவிற்று. கலிபோர்னியாவுக்குச் சென்று திரும்பிய பழங்குடியினர் குழு ஒன்றே அந்நோயை அப்பகுதிக்கு முதலில் கொணர்ந்தது என்று பிற்கால ஆய்வாளர் காட்டுகின்றனர். ஆனால் கயூஸ் மக்கள் கண்முன்னே கண்டவை வண்டிகள். வண்டிகளுக்குப்பின் வந்தது நோய். அந்நோயை எதிர்க்கும் ஆற்றல் அவர்கள் உடலில் இல்லை. வையிலட்பைச் சூழ்ந்திருந்த கயூஸ் மக்களுள் ஏறக்குறைய பாதிப்பேர் சில வாரங்களுக்குள் மாண்டனர் என்று கணக்கிடப்படுகிறது.

விட்மன் இரவு பகலாக இரு சாராருக்கும் மருந்து கொடுத்தார். வெள்ளையர் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைத்தனர்; கயூஸ் பிள்ளைகள் இறந்தனர். ஒரே மருத்துவர், ஒரே மருந்து, இருவேறு முடிவுகள். நோய்க்கிருமி என்பதையே உலகம் அறியாதிருந்த காலம் அது. கயூஸ் மக்கள் இவ்வேறுபாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வர்? முன்னரே மிஷன் தோட்டத்து முலாம்பழங்களைத் திருடுவோருக்குப் பாடம் புகட்ட அவற்றுள் வாந்தி மருந்து வைக்கப்பட்டதுண்டு; ஓநாய்களுக்கு வைத்த நஞ்சு கலந்த இறைச்சியைத் தின்று சிலர் நோயுற்றதுமுண்டு. மருத்துவர் நஞ்சு கொடுக்கிறார் என்ற வதந்தி அந்த நினைவுகளின்மேல் எளிதில் வேரூன்றிற்று. அன்றியும், நோயாளியைக் கைவிட்ட மருத்துவன் உயிரால் ஈடுசெய்ய வேண்டும் என்பது அவர்களுடைய பழைய வழக்கம். விட்மன் அதனை அறிந்தே அவர்களுக்கு மருந்து கொடுத்து வந்தார்.

1847 நவம்பர் 29ஆம் நாள் கயூஸ் வீரர் சிலர் மிஷன் வீட்டினுள் நுழைந்தனர். அன்றும் அடுத்த நாள்களிலும் விட்மன் தம்பதியர் உட்பட 13 பேர் கொல்லப்பட்டனர். சேகர் குடும்பத்துச் சிறுவர் இருவரும் அவருள் அடங்குவர். ஏறத்தாழ 50 பேர் ஒரு மாதம் சிறைப்பட்டிருந்தனர். ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் அலுவலர் பீட்டர் ஸ்கீன் ஆக்டன், கம்பளிகளும் சட்டைகளும் துப்பாக்கிகளும் புகையிலையும் கொடுத்து அவர்களை மீட்டார். பெருங்கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக நாங்கள் படித்தோம். அந்தப் பருவத்தில் இறந்த கயூஸ் மக்களுக்கு அத்தகைய பலகை எதுவும் அங்கே இல்லை. அவர்களுள் பலருக்குக் கல்லறைதானும் எங்கே என்று தெரியாது.

4. இரத்தசாட்சியும் கட்டுக்கதையும்

பின்னர் நடந்தவை விரைவில் சொல்லத்தக்கவை. குடியேறிகளின் படை கயூஸ் மக்கள்மேல் போர் தொடுத்தது. 1848 ஆகஸ்டில் அமெரிக்கப் பேரவை ஓரகனை முறைப்படி ஒரு ஆட்சிப் பகுதியாக்கிற்று. கொலைச் செய்தியே அதனை விரைவுபடுத்தியது. 1850இல் டிலோகைக்ட் என்னும் தலைவர் உட்பட ஐந்து கயூஸ் ஆடவர் ஒப்படைக்கப்பட்டு, ஓரகன் சிட்டியில் விசாரிக்கப்பட்டு, ஜூன் 3ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர். அவ்வைவருள் ஒவ்வொருவரும் உண்மையில் கொலையில் பங்குகொண்டனரா என்பது இன்றும் வினாவாகவே உள்ளது. ஏன் உங்களை ஒப்படைத்தீர்கள் என்று கேட்டபோது, கிறிஸ்து தம் மக்களுக்காக உயிர்விட்டார் என்று மிஷனெரிகள் கற்பித்ததை நினைவூட்டி, தாங்களும் தங்கள் மக்களுக்காகவே இறக்கிறோம் என்று டிலோகைக்ட் விடை பகர்ந்ததாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. விட்மன் கற்பித்ததை நன்கு விளங்கிக்கொண்ட மாணவர் ஒருவர் இருந்தாரெனில், அவர் தூக்குமேடையில் நின்றவர்தாம் என்று எண்ணாதிருக்க இயலவில்லை. அவ்வைவரும் இறக்குமுன் கத்தோலிக்கப் பேராயரிடம் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களைப் புதைத்த இடம் குறியிடப்படாமல் விடப்பட்டு மறந்துபோயிற்று.

மறுபுறம் விட்மனைப் பற்றி ஒரு கட்டுக்கதை வளர்ந்தது. பிரிட்டன் ஓரகனைக் கைப்பற்றவிருந்ததை அறிந்து, நாட்டைக் காக்கும்பொருட்டே அவர் 1842இல் கண்டத்தைக் கடந்தார் என்பது அக்கதை. 1860களில் ஸ்பால்டிங் அதனைப் பரப்பினார். பாடநூல்கள் அதனை ஏற்றன. விட்மன் வாஷிங்டன் நகருக்கும் சென்றார் என்பது உண்மையே. ஆனால் மூடவிருந்த தம் நிலையத்தைக் காப்பதே அவர் பயணத்தின் நோக்கம். 1900இல் யேல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் எட்வர்ட் போர்ன் சான்றுகளை ஆராய்ந்து கதையின் பொய்ம்மையைக் காட்டினார். ஆயினும் 1953இல் வாஷிங்டன் மாநிலம் விட்மனின் சிலையை நாட்டின் பேரவைக் கட்டடத்திற்கு அளித்தது. 2021இல் அதே மாநிலத்தின் சட்டமன்றம், அச்சிலைக்குப் பதிலாக, ஆற்று மீன்பிடி உரிமைக்காகப் போராடிய நிஸ்குவாலி பழங்குடித் தலைவர் பில்லி பிராங்கின் சிலையை வைக்கச் சட்டம் இயற்றிற்று.

இரத்தசாட்சியின் வரலாற்றில் பொய் கலந்தால் அது அவருக்கு மதிப்புச் சேர்ப்பதாகாது. நாட்டின் எல்லையை விரிக்க இறந்தவர் என்று அவரைப் புகழ்ந்தோர், ஆண்டவருக்காக இறந்தவர் என்ற பெயரை அவரிடமிருந்து பறித்துவிட்டனர்.

5. லாப்வாய்: அச்சுப்பொறியும் சவுக்கும்

வல்லா வல்லாவிலிருந்து கிழக்கே டேட்டன், பொமராய் என்னும் சிற்றூர்களைக் கடந்து பாம்பாற்றின் பள்ளத்தாக்கில் இறங்கினோம். அதனைத் தாண்டிச் சில மைல் சென்றால், கிளியர்வாட்டர் ஆற்றங்கரையில் ஸ்பால்டிங் என்று இன்று வழங்கும் இடம். லாப்வாய் ஓடை ஆற்றில் கலக்கும் அவ்விடத்தில்தான் ஸ்பால்டிங் தம்பதியர் நிமீபூ மக்களிடையே பணி செய்தனர். 1965இல் நிறுவப்பட்ட நெஸ் பெர்ஸ் தேசிய வரலாற்றுப் பூங்காவின் நடுவிடம் இது.

1839இல் ஹவாய்த் தீவுகளின் மிஷன் ஓர் அச்சுப்பொறியை இங்கே அனுப்பியது. வடமேற்கு நாட்டின் முதல் அச்சுக்கூடம் அதுவே. முதலில் வெளிவந்தது நிமீபூ மொழியில் எட்டுப் பக்கச் சிறு நூல். 1845இல் மத்தேயு சுவிசேஷம் அம்மொழியில் அச்சாயிற்று. எலைசா படங்கள் வரைந்து பாடம் கற்பித்தார். பிள்ளைகளோடு முதியோரும் தலைவரும் வந்தமர்ந்து எழுத்துக் கற்றனர். மக்கள் மொழியைக் கற்று, அதற்கு எழுத்தமைத்து, அம்மொழியிலேயே வேதத்தை அளிக்க வேண்டும் என்னும் கொள்கையில் லாப்வாயும் மானிப்பாயும் மதுரையும் ஒன்றே.

ஆனால் அச்சுப்பொறி இருந்த இடத்தில் சவுக்கும் இருந்தது. ஸ்பால்டிங் கடுஞ்சினத்தர். தவறு செய்தோரைச் சவுக்கால் அடிக்கச் செய்தார். 1842இல் அரசின் முகவர் எலைஜா ஒயிட் கொணர்ந்த 11 சட்டங்கள் அவ்வழக்கத்திற்கு முறைமையான வடிவம் தந்தன. வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் மீன்பிடித்தும் வாழ்ந்த மக்கள் ஓரிடத்தில் தங்கி உழுதாலன்றிக் கிறிஸ்தவராதல் அரிது என்று அவர் நம்பினார். கலப்பையும் வேதமும் அவர் கையில் ஒன்றாகவே வந்தன.

இங்குள்ள காட்சிசாலையில் நெடுநேரம் எங்களை நிறுத்தியவை சில ஆடைகள். 1846இல் ஸ்பால்டிங், தமக்கு வேண்டிய பொருள்களுக்கு ஈடாக, நிமீபூ மக்களின் தோலாடைகளையும் சேணங்களையும் ஒஹாயோவிலிருந்த நண்பர் ஒருவருக்கு அனுப்பினார். அவை பிற்காலத்தில் ஒரு கல்லூரிக்கும், அதன்பின் அம்மாநில வரலாற்றுச் சங்கத்திற்கும் சென்றன. அவற்றைத் திரும்பப் பெற 1996இல் நெஸ் பெர்ஸ் மக்கள் 6,08,100 டாலர் செலுத்த வேண்டியதாயிற்று. நாடெங்கும் பலர் உதவினர். பள்ளிச் சிறார் காசு திரட்டினர். 2021இல் அச்சங்கம் அத்தொகையைத் திருப்பிக் கொடுத்தது. அவ்வாண்டே அத்தொகுப்பிற்கு, சிறையிருப்பிலிருந்து வீடு திரும்பியது என்னும் பொருளுடைய நிமீபூப் பெயர் சூட்டப்பட்டது. எருசலேம் ஆலயத்துப் பணிமுட்டுகள் பாபிலோனிலிருந்து திரும்பியதை எஸ்றாவின் நூலில் படித்திருக்கிற நமக்கு, அப்பெயரின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை.

வையிலட்புக் கொலைக்குப்பின் சங்கம் இந்நாட்டுப் பணியை விட்டொழிந்தது. எலைசாவையும் பிள்ளைகளையும் காத்து அனுப்பியோர் நிமீபூ மக்களே. அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு, ஸ்பால்டிங் இடையில் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக வந்து சென்றதைத் தவிர, அவர்களுக்குப் போதகர் எவரும் இல்லை. ஆயினும் திமோத்தேயு, லாயர் போன்ற தலைவர்களின் இல்லங்களில் ஜெபம் நிற்கவில்லை. 1871இல் ஸ்பால்டிங் மீண்டும் வந்தபோது நூற்றுக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற முன்வந்தனர். 1874இல் அவர் இங்கேயே இறந்தார்.

6. கிழிக்கப்பட்ட ஏடு

இதற்கிடையே நிலத்தின் கதை வேறு வழியில் சென்றது. 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நிமீபூ மக்களுக்கு ஏறத்தாழ 75 இலட்சம் ஏக்கர் உறுதிசெய்யப்பட்டது. 1860இல் அங்கே பொன் கிடைத்தது. 1863இல் புதிய உடன்படிக்கை ஒன்று அந்நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கைப் பறித்தது. கையெழுத்திட்டோர் பெரும்பாலும் லாயரைச் சார்ந்த கிறிஸ்தவர்; அவர்தம் ஊர்கள் புதிய எல்லைக்குள் இருந்தன. நிலத்தை இழந்தோர் கையெழுத்திடவில்லை. வல்லோவாப் பள்ளத்தாக்கின் தலைவர் முதிய யோசேப்பு 1839இல் ஸ்பால்டிங்கிடம் ஞானஸ்நானம் பெற்றவர். ஓரகன் சபையின் முதற்கனிகளுள் ஒருவர். 1863இல் அவர் உடன்படிக்கையின் படியையும் தம்மிடமிருந்த மத்தேயு சுவிசேஷத்தையும் கிழித்தெறிந்தார் என்று கூறப்படுகிறது. வேத ஏட்டையும் நிலப் பத்திரத்தையும் அவர் ஒன்றாகக் கண்டதற்கு யார் காரணம் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

1877இல், ஆழ்ந்த பக்தியுள்ளவர் என்று பெயர்பெற்ற ஜெனரல் ஹவர்டு, எஞ்சியோர் 30 நாளுக்குள் தங்கள் நாட்டைவிட்டு எல்லைக்குள் வரவேண்டும் என்று ஆணையிட்டார். போர் மூண்டது. ஆடவரும் பெண்டிரும் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 750 பேர், தங்கள் குதிரை மந்தைகளோடு, லோலோ மலைப்பாதை வழியே கிழக்கே சென்றனர். ஏறக்குறைய 1,170 மைல் கடந்து, கனடா எல்லைக்கு 40 மைல் இருக்கையில், அக்டோபர் 5ஆம் நாள் இளைய யோசேப்பு படைக்கலம் வைத்தார். அவர்கள் தென்திசையிலுள்ள வெப்பநாட்டுக்கு நாடுகடத்தப்பட்டனர். நோயால் பலர், குறிப்பாகக் குழந்தைகள், இறந்தனர். 1885இல் திரும்பியோர் 268 பேர். அவருள் 118 பேர் லாப்வாய்க்கும், யோசேப்பு உட்பட 150 பேர் கோல்வில் ஒதுக்கிடத்திற்கும் அனுப்பப்பட்டனர். வல்லோவாவில் வாழ அவருக்கு அனுமதி கிடைக்கவேயில்லை. 1904இல் கோல்வில்லில் இறந்தார்.

7. காமியை

ஆற்றோரமாக மேலும் கிழக்கே சென்றால் வருவது காமியை. கிழக்குக் காமியையில் புல்வெளி நடுவே கற்குன்று ஒன்று உள்ளது. அரக்க விலங்கு ஒன்றைக் குள்ளநரி கொன்று, அதன் உறுப்புகளைத் திசைதோறும் எறிந்து பல குலங்களை உண்டாக்கிற்று என்றும், இறுதியில் இதயத்தின் இரத்தத் துளிகளிலிருந்து நிமீபூ மக்கள் தோன்றினர் என்றும் அவர்களுடைய மரபு கூறுகிறது. அவ்விதயமே இக்கல். அதற்கு அண்மையில்தான் முதல் இந்தியப் பிரெஸ்பிட்டேரியன் ஆலயம் நிற்கிறது. 1870களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இவ்வெண்ணிற மர ஆலயம், ஐடஹோ மாநிலத்தில் இடையறாது வழிபாடு நடைபெறும் மிகப் பழைய புராட்டஸ்டண்டு ஆலயம் எனக் கருதப்படுகிறது.

இறையியல் கல்வியில் ஈடுபட்டோர்க்கு இவ்விடம் சிறப்பாக உரியது. 1873இல் இந்நாட்டிற்கு வந்த சூசன் மெக்பெத் அம்மையார், நலிந்த உடலோடு, ஓர் எளிய வீட்டில் நிமீபூ ஆடவர்க்கு வேதமும் இறையியலும் கற்பித்தார். வகுப்பறை, விடுதி, நூலகம் எவையும் இல்லை. அவருடைய மாணவர்களுள் ராபர்ட் வில்லியம்ஸ் 1879இல் குருப்பட்டம் பெற்றுக் காமியைச் சபையின் போதகரானார். வேறு பலரும் அவரைத் தொடர்ந்தனர். வெப்பநாட்டில் துன்புற்ற தம் மக்களிடையே சென்று ஊழியம் செய்தோரும் அவருள் உண்டு. அம்மையார் 1893இல் இறந்து இவ்வாலயத்தருகே அடக்கம் செய்யப்பட்டார். அவர் குறைகள் இல்லாதவரல்லர். பழைய விழாக்கள், பழைய உடை, பழைய பாடல் அனைத்தையும் விட்டொழிப்பதே மனந்திரும்புதலின் அடையாளம் என்று கற்பித்தார். அதனால் குடும்பங்களுக்குள் பிளவும் உண்டாயிற்று. ஆயினும், குருத்துவத்தை அம்மக்கள் கையிலேயே ஒப்படைத்தார். வையிலட்பில் மிஷனெரி மடிந்தபோது பணியும் மடிந்தது. காமியையில் சபை தம் சொந்தக் காலில் நின்றது.

8. மலைப்பாதை

காமியையிலிருந்து மேட்டுநிலத்தில் ஏறி வீயைப் என்னும் சமவெளியை அடைந்தோம். காமாஸ் என்னும் கிழங்குச் செடி கோடைத் தொடக்கத்தில் நீலமாகப் பூத்து, தொலைவிலிருந்து நோக்குவார்க்கு ஏரிபோல் தோன்றும் இடம் இது. 1805 செப்டம்பரில் லூயிஸ், கிளார்க் குழுவினர் மலையில் பட்டினியால் மெலிந்து இறங்கியபோது, நிமீபூ மக்கள் அவர்களுக்கு இக்கிழங்கும் மீனும் அளித்துக் காத்தது இங்கேதான். 72 ஆண்டுகளுக்குப்பின் அதே மக்கள் அதே மலைப்பாதை வழியே துரத்தப்பட்டனர்.

பழைய பாதையை ஒட்டிய காட்டுச் சாலை 1930களில் அமைக்கப்பட்டது. ஒரு வண்டி மட்டுமே செல்லக்கூடிய கரடுமுரடான மண்சாலை. பனி உருகிய கோடை மாதங்களில் மட்டுமே திறந்திருக்கும். ஊர் இல்லை, கடை இல்லை. சிறிது தொலைவு சென்று, சரிவுகளைக் கண்டு அஞ்சித் திரும்பினோம். கைக்குழந்தையோடும் முதியோரோடும் அவ்வழியே நடந்தவர்களை அப்போது நினைத்துக்கொண்டோம். பின்னர் நெடுஞ்சாலை வழியே 5,233 அடி உயரமுள்ள லோலோக் கணவாயைக் கடந்து மான்டானாவில் இறங்கினோம். அங்கே, 1877 ஜூலையில் படையினர் மரங்களை அடுக்கித் தடுப்பரண் கட்டிய இடம் உள்ளது. நிமீபூ மக்கள் சண்டையிடாமல் மேலே மலைமுகட்டின் வழியாகச் சுற்றிச் சென்றுவிட்டனர். பிசுபிசுத்துப்போன கோட்டை என்று அவ்விடத்திற்கு இன்றும் பெயர். எங்கள் பயணம் அங்கே முடிவுற்றது.

9. நமக்குரிய வினா

ஒரே சங்கம் அனுப்பிய ஊழியர், ஒரே வேதம், அச்சுக்கூடம், பள்ளி, மருத்துவம் என்னும் அதே முறைகள். ஆயினும் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் நேர்ந்தது ஒன்று, ஓரகனில் நேர்ந்தது மற்றொன்று. நம்மிடம் வந்த ஊழியர் மேலானவர், அங்கே சென்றோர் கீழானவர் என்று கூறுவதற்கில்லை. இங்கும் அந்நிய ஆட்சி இருந்தது. அதன் நிழலில் மிஷன் வளர்ந்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் மிஷனெரியின் பின்னே நம் வயல்களில் குடியேற ஆயிரமாயிரம் உழவர் வண்டிகட்டி வரவில்லை. பசுமலையில் செமினரி கட்டப்பட்டபோது மதுரை மக்கள் ஊரைவிட்டு விரட்டப்படவில்லை. வேறுபாடு ஊழியரின் பக்தியில் இல்லை. அவர் திறந்த பாதையில் அவருக்குப்பின் வந்தோர் யார் என்பதிலேதான் இருக்கிறது.

இவ்வுண்மை கடந்தகாலத்தைப் பற்றியது மட்டுமன்று. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது முதல், தமிழ்த் திருச்சபையும் ஊழியரை அனுப்பும் திருச்சபையாகியிருக்கிறது. வடமாநிலங்களின் மலைகளிலும் காடுகளிலும் வாழும் பழங்குடி மக்களிடையே நம் பிள்ளைகள் மொழி கற்று, எழுத்தமைத்து, மருந்து கொடுத்து உழைத்து வருகின்றனர். அவர்களுக்காக நாம் காணிக்கை எடுக்கிறோம், ஜெபிக்கிறோம். ஆனால் அம்மலைகளுக்குச் சாலை செல்லும்போது அச்சாலையில் பின்வருவோர் யார்? காட்டையும் கனிவளத்தையும் நாடி வருவோர் முன்னே நம் ஊழியர் எவர் பக்கம் நிற்பர்? அவ்வாறு நிற்க நம் இறையியல் கல்வி அவர்களை ஆயத்தப்படுத்துகிறதா? நிலத்தைப் பற்றி ஒரு பாடமேனும் நம் பாடத்திட்டத்தில் உண்டா? விட்மனுக்கு மருத்துவம் தெரிந்திருந்தது, துணிவும் இருந்தது. தம் வாசலில் வந்து நின்ற வண்டிகள் எதனைக் குறித்தன என்பதைக் கயூஸ் மக்களின் கண்ணால் காண மட்டும் அவரால் இயலவில்லை.

நம் பணித்தளங்கள் பலவற்றிற்கு நூற்றாண்டு மலர்கள் வெளிவந்துள்ளன. இன்னும் பல வெளிவரும். அவற்றில் முதன்முதல் சென்ற ஊழியரின் படங்களும் பெயர்களும் அச்சிடப்படுவது முறையே. அவற்றோடு, அவ்வூழியரை வரவேற்று இடமும் உணவும் கொடுத்தோர், மொழி கற்பித்தோர், நோயில் இறந்தோர், நிலமிழந்தோர் ஆகியோரின் பெயர்களையும் முதியோரிடம் இன்றே கேட்டெழுதி அச்சிட வேண்டும் என்று வேண்டுகிறோம். வையிலட்பின் பளிங்குப் பலகையில் ஒரு பக்கத்துப் பெயர்கள் மட்டுமே உள்ளன. மறுபக்கத்துப் பெயர்களைக் கேட்டெழுத அன்று எவரும் முற்படவில்லை.